துப்பாக்கிக்கு இஸ்திரி

எங்கள் தோட்டத்தில் துப்பாக்கிக்கு இஸ்திரி போட்டவள் என் அத்தை ஒருத்திதான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. சட்டைக்குப் போடலாம், சேலைக்குப் போடலாம், துப்பாக்கிக்கு எப்படிப் போடுவது என்று கேட்டுவிட்டு, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்கிற மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வயதாகிவிட்டதுதான். ஆனாலும் அது நடந்தது. பக்கத்தில் பாண்டி ஆடிக்கொண்டே நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் கோலசிலாங்கூர் போகும் பாதையில் இருந்தது. அது மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைக் காட்டுக்குள் தேடிக்கொண்டிருந்த எமர்ஜென்சி காலம். நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயங்களைச் சுற்றி ஆளுயரத்துக்கு முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் பால் வெட்டப் போகிறவர்களை கேட்டில் நிறுத்தி, வாளிக்குள் சோறு ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். ஏழு மணிக்கு மேல் யாரும் லயத்தை விட்டு நகரக் கூடாது. எப்போதாவது ஒரு லோரி வரும். யாரையாவது ஏற்றிக்கொண்டு போகும். போனவர் வீட்டில் அதன் பிறகு சத்தமே இருக்காது. எனக்கு அப்போது எட்டு வயது. வேலி பாவாடை காயப்போட வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர இதையெல்லாம் பற்றி எனக்குத் தனியாக ஒரு கருத்தும் கிடையாது. லோரிக்கு மட்டும் பயப்படுவேன்.

வேலியைக் காக்கத் தோட்டத்து ஆட்களிலேயே பன்னிரண்டு பேரைப் பொறுக்கி ஹோம்கார்டு ஆக்கியிருந்தார்கள். பகலில் பால் வெட்டுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீசில் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு துப்பாக்கி வாங்கிக்கொள்வார்கள். ஆறு மணிக்கு வேலியோரம் போய் நிற்க வேண்டும். துப்பாக்கியைத் தோளில் முட்டுக் கொடுத்துப் பிடிக்கிற மரக்கட்டையில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் எழுதியிருக்கும். போகப் போக அந்த நம்பரே ஆளுக்கும் பெயராகிவிட்டது. மூன்றாம் நம்பருக்குப் பல்வலி என்பார்கள், ஏழாம் நம்பர் சம்சாரம் உண்டாகியிருக்கிறது என்பார்கள்.

பதினொன்றாம் நம்பர் ஒல்லியாக, உயரமாக, வாயில் நாக்கு இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி இருப்பார். அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான், அவர் திரும்பவில்லை. அம்மாவும் அடுத்த வருடமே போய்விட்டாராம். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாமல், கலியாணமாகாத ஆட்கள் இருக்கும் லயத்தில் ஒரு மூலையில் பாய் போட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். துரை பங்களாத் துணிக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. துவைத்த துணி மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். சாயங்காலம் வாசலில் மேசையைப் போட்டு, பித்தளை இஸ்திரிப் பெட்டியில் கரி நெருப்பை அள்ளிப் போட்டு, அத்தை நிற்கிற நிற்பைப் பார்த்தால் துரையே அவளிடம் வேலை செய்கிறார் என்று தோன்றும். அவளுக்கு இருபது வயது முடிந்திருந்தது. அந்தக் காலக் கணக்கில் அது தாமதம். அப்பா ஸ்டோரில் பால் நிறுத்துக்கொண்டே போகிற வருகிறவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை விசாரிப்பார். கடைசியாக சுங்கை சோ பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர் அகப்பட்டார். மனைவியை இழந்தவர், மீசை பெரியது. அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் துரையின் சட்டைகளுக்குக் கஞ்சி மட்டும் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

அப்போதுதான் ஆயுத பூசை வந்தது.

எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்குப் பக்தி அதிகம். பால் வெட்டுகிற கத்திக்குப் பொட்டு வைக்கிறோம், ஸ்டோர் மிசினுக்கு வைக்கிறோம், ஆயுதம் என்றால் துப்பாக்கிதானே முதல் ஆயுதம் என்று அவர் நியாயம் பேசி, லீவு நாளென்றும் பாராமல் பன்னிரண்டு துப்பாக்கிகளையும் காலையிலேயே மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பிவிட்டார். சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்து, குழாய்க்குச் சந்தனம், கட்டைக்குக் குங்குமம், மேலே ஒவ்வொரு செவ்வந்தி. பார்க்க அழகாகவே இருந்தது. பூசாரி தேங்காயைக் கல்லில் ஓங்கி அடித்தார். அன்றைக்கென்று அவருக்கு வேகம் அதிகம். ஒரு மூடி சாமி பக்கம் போனது. இன்னொரு மூடி எகிறிப் போய் பதினொன்றாம் நம்பர் துப்பாக்கியின் கட்டையில் மோதியது. துப்பாக்கி சரிந்து கல்படியில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தால் கட்டையில் கட்டைவிரல் புதைகிற அளவுக்கு ஒரு பள்ளம். அடிமுனையில் ஒரு சில்லு பெயர்ந்து போயிருந்தது. மறுநாள் காலை போலீஸ் துரை துப்பாக்கிகளைப் பார்வையிட வருகிற நாள். பதினொன்றாம் நம்பர் அந்தத் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

“பூசையில தேங்கா பட்டுச்சுன்னா வெள்ளக்காரன் நம்புவானா?” என்றார் மூன்றாம் நம்பர். “காட்டுக்காரன் கூட இழுபறி பண்ணுனியான்னு கேப்பான். இல்ல, அவனுக்குக் குடுத்து வாங்குனியான்னு கேப்பான்.”

கிராணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெயர்ந்த சில்லாவது கிடைத்தால் ஒட்டிவிடலாம் என்று பெரியவர்கள் கோயில் வாசல் முழுவதும் குனிந்து தேடினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து வெகு அக்கறையாகத் தேடினேன். அந்தச் சில்லு வழவழவென்று கைக்கு அடக்கமாக இருந்ததால், அதை முதலிலேயே எடுத்துப் போய் பாண்டி ஆடி, மூன்றாவது ஆட்டத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் எற்றிவிட்டிருந்தேன் என்பதை அந்த நேரத்தில் சொல்வது சரியாகப் படவில்லை.

அத்தைதான் கடைசியில் பேசினாள். அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் சொன்னது பதினொன்றாம் நம்பருக்கு. “அத எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்கண்ணே. பங்களாவுல துரையம்மா சாப்பாட்டு மேசை இப்படித்தான் அமுங்கிப் போச்சு. சீனத் தச்சர் வந்து எழுப்புனத நான் பார்த்திருக்கேன்.”

சாயங்காலம் துப்பாக்கி எங்கள் வாசல் மேசைக்கு வந்தது. “தோட்டாவ எடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் அத்தை அதைத் தொட்டாள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, நாலாக மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் மூக்கை அதன் மேல் வைத்து அழுத்தினாள். உஸ் என்று ஆவி வந்தது. பதினொன்றாம் நம்பர் பயந்து இரண்டடி பின்னால் போனார்.

“மரம் ஒடையல, அமுங்கித்தான் கெடக்கு. சூடா தண்ணி குடிச்சா எழுந்துக்கும்” என்றாள் அத்தை. எழுந்துகொண்டது. துணியை எடுத்தபோது அங்கே பள்ளம் இருந்ததற்கு லேசான ஈரம்தான் அடையாளம்.

பெயர்ந்த முனைக்கு அப்பா ரப்பர் பால் தடவிப் பார்க்கச் சொன்னார். அப்பாவுக்கு எதற்கும் ரப்பர் பால்தான் மருந்து. அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிராணி ஆபீசில் தபால் உறைக்கு முத்திரை வைக்கிற அரக்குத் துண்டு ஒன்றை வாங்கி வரச் சொன்னாள். விளக்குக் கரியை அதில் குழைத்து, சிவப்பு போய் மர நிறம் வருகிற வரை உருக்கி, முனையில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஆறியதும் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்தாள். கடைசியில் கட்டை முழுவதும் எண்ணெய் பூச வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது அவள் தலைக்குத் தேய்க்கிற, செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்தான். அதையே பூசினாள். பழையபடி நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

மறுநாள் போலீஸ் துரை ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்துப் பார்த்தார். பதினொன்றைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தவர், ஒரு கணம் நிறுத்தி, மூக்கை உறிஞ்சினார். அப்புறம் பதினொன்றாம் நம்பரின் தலையைப் பார்த்தார். அதில் எண்ணெய் வைத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டு அடுத்த துப்பாக்கிக்குப் போய்விட்டார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பத்து நாள் கழித்து பதினொன்றாம் நம்பர் மறுபடியும் எங்கள் வாசலில் நின்றார். கட்டையில் ஒரு பள்ளம். வழுக்கி விழுந்துவிட்டாராம். அத்தை அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“இது ஆழமான அடி. ஒரு நாள்ல எழும்பாது. நாளைக்கும் கொண்டாங்க” என்றாள்.

மறுநாள் கொண்டுவந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நாலாம் நாள்தான் பள்ளம் முழுவதுமாக எழுந்தது, எண்ணெய் பூசிக் கொடுத்தாள். அடுத்த வாரம் இன்னொரு பள்ளம், அதற்கும் நாலு நாள். அப்புறம் இன்னொன்று. ஒருமுறை மரத்தில் இடித்ததாம், ஒருமுறை சைக்கிளிலிருந்து நழுவியதாம். அவரிடம் சைக்கிள் கிடையாது என்பது எனக்கே தெரியும். இருவரும் பேசியதெல்லாம் பள்ளத்தைப் பற்றித்தான். நேற்றைக்கு இன்னிக்குத் தேவலையா என்பார் அவர். கொஞ்சம் எழும்பியிருக்கு என்பாள் அத்தை. அம்மா உள்ளே இருந்து பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். உடனே அவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வேலிக்குப் போய்விடுவார். அங்கே அவர் கட்டையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்தேன். காவலில் தூங்குகிறார் என்று நினைத்தேன். தோட்டத்திலேயே கையாலாகாத ஆள் இவர்தான், இவரை நம்பி வேலியை விட்டிருக்கிறார்களே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

பிறகு ஒருநாள், ஐந்து மணி சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தபோது அவர் அங்கே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, தொட்டியின் சிமெண்டு மூலையில் கட்டையை ஒரு இடி இடித்தார். விரலால் தடவிப் பார்த்தார். போதவில்லை போலிருக்கிறது; இன்னொரு இடி. பிறகு அதை அப்படியே தடவிக் கொடுத்துக்கொண்டே எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டோர் வீட்டார் பரிசத் தட்டோடு வருவதாக இருந்தது. இரண்டு நாள் இருக்கும்போது, விளக்கு வைக்கிற நேரத்தில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை மட்டும் வேலை முடியவில்லை என்று வாசலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே அலுத்துக்கொண்டார். “அந்தப் பதினொன்னாம் நம்பருக்குக் கையில எலும்பே இல்ல போல. இன்னொரு தடவ கீழ போட்டான்னா கிராணிகிட்ட சொல்லி நம்பரப் புடுங்கிடச் சொல்லிடுவேன்.”

நான் ஒரு நல்ல மனிதரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். “அவரு கீழ போடலப்பா. தண்ணித் தொட்டியில அவரேதான் இடிக்கிறாரு. நான் பார்த்தேன்.”

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா எழுந்து கையைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார். அப்போதுதான் தீய்கிற வாசனை வந்தது. அத்தை இஸ்திரிப் பெட்டியை எடுக்காமல் அப்படியே நின்றிருந்தாள். துரையின் வெள்ளைச் சட்டை முதுகில் பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்திருந்தது. அவள் வாழ்நாளில் தீய்த்த சட்டை அது ஒன்றுதான்.

“என்னாடி சொல்லிட்ட” என்றாள் என்னிடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கவருமெண்டு துப்பாக்கியை வேண்டுமென்றே இடித்தவரைச் சும்மா விடமாட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. லோரி வரும், ஏற்றிக்கொண்டு போகும், சத்தம் அடங்குவதற்குக்கூட அவருக்கு ஒரு வீடு கிடையாது. எல்லாம் என் வாயால் வந்தது. பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் அழுத அழுகையில் அம்மாவே பயந்துவிட்டாள்.

ஏழு மணிக்கு முன்னால் அப்பா திரும்பி வந்தார். பலகையில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார்.

“கவருமெண்டு துப்பாக்கிய எதுக்குய்யா போட்டு இடிக்கிறேன்னு கேட்டேன். கட்டையத் தடவிக்கிட்டே நின்னான். அப்புறம் சொல்றான், பொண்ணு கேட்டு வர எனக்கு ஆள் இல்லீங்கண்ணே, வேற என்னா சொல்லிக்கிட்டு உங்க வாசலுக்கு வர்றதுங்கிறான்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா வாசல் பக்கம் திரும்பினார். “ஏம்மா, மண்டோருக்கு வர வேணாம்னு சொல்லி அனுப்பிடட்டா?”

அத்தை இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். “அண்ணன் சொன்னா சரி” என்றாள். அப்பா கேட்டது கேள்வி என்பதையோ, அதற்கு அது பதிலா என்பதையோ யாரும் யோசிக்கவில்லை.

“அது சரி, பொண்ணு கேட்டு ஆள் வராம நாமளா எப்படிக் குடுக்கிறது? நாலு பேரு சிரிப்பாங்க” என்றாள் அம்மா.

“பதினோரு பேரு இருக்கானுங்கல்ல” என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு, பதினொரு ஹோம்கார்டுகள் வரிசையாக எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிய துப்பாக்கியை எங்கேயும் வைத்துவிட்டு வரக் கூடாது என்பது சட்டம். அதனால் தோளில் துப்பாக்கி, கையில் வெற்றிலை, பாக்கு, பூ, வாழைப்பழச் சீப்பு. அம்மா வாசலிலேயே நின்று எல்லோரையும் தோட்டாவை எடுக்கச் சொல்லி எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே விட்டாள். துப்பாக்கிகள் லயத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. மாப்பிள்ளையும் பின்னால் வந்து தன்னுடையதைச் சாய்த்தார். பன்னிரண்டில் அது மட்டும் பளபளவென்றிருந்தது. மூன்றாம் நம்பர் மாப்பிள்ளைக்குத் தகப்பனாராக முன்னால் உட்கார்ந்தார். மாப்பிள்ளை குணம் எப்படி என்று அப்பா முறைப்படி கேட்டார்.

“தங்கமான பையன். கையில எது குடுத்தாலும் கீழ விழும், மத்தபடி ஒரு கொறையும் இல்ல” என்றார் மூன்றாம் நம்பர்.

பொங்கல் கழிந்து கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து பதினொன்றாம் நம்பர் எனக்கு மாமா ஆனார். அவர் துப்பாக்கி அதன் பிறகு ஒருமுறைகூடக் கீழே விழவில்லை. மாமா வேண்டுமென்றே இடித்தார் என்பதைத் தோட்டமே சொல்லிச் சிரித்தது. நானும் பெரியவளாகி, அதை எல்லோருக்கும் சொல்லி, மாமாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவரும் பெருமையாகச் சிரித்துக்கொள்வார்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகளும் பிறந்த பிறகு, ஒருநாள் என் மூத்தவன் சாப்பாட்டு மேசையில் இஞ்சி இடிக்கிற சின்ன உலக்கையைப் போட்டு ஒரு பள்ளம் பண்ணினான். புது மேசை. அவனை நாலு சாத்து சாத்திவிட்டு, ஈரத்துணியை மடித்து வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினேன். நாலு நாள் வேலை என்றுதான் உட்கார்ந்தேன். உஸ் என்று ஒரு சத்தம். துணியை எடுத்தால் பள்ளம் இல்லை. ஒரே தடவை. இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நான் வெகுநேரம் நின்றேன். ஆயுத பூசையன்று தேங்காய் பட்டு விழுந்த அவ்வளவு பெரிய பள்ளம் ஒரே சாயங்காலத்தில் எழுந்ததும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. எட்டு வயதில் எனக்குப் பாண்டிக் கட்டம் எண்ணத் தெரிந்தது, நாள் எண்ணத் தெரியவில்லை.

அடுத்த முறை கோலசிலாங்கூர் போனபோது அத்தையிடம் கேட்டேன். மாமா பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அத்த, மரத்துல பள்ளம் விழுந்தா ஒரு தடவ இஸ்திரி வச்சாலே போதுமாமே? நீங்க நாலு நாளு வச்சீங்களே?”

மாமாவின் கிளாஸ் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அத்தனை வருடமும் அந்தச் சூழ்ச்சி தன்னுடையது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். மெதுவாக அத்தையின் பக்கம் திரும்பினார்.

அத்தை முறத்தில் இருந்த கீரையை விட்டுத் தலை நிமிரவில்லை. “அந்தக் காலத்துக் கரி லா. சூடு பத்தாது” என்றாள்.

அந்தச் சூடு பத்தாத கரியில்தான், அதே மேசையில், அதே சாயங்காலங்களில், துரையின் கஞ்சி போட்ட காற்சட்டைக்கு ஒரே இழுப்பில் கத்தி மாதிரி மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள் என் அத்தை.